பெட்டிக்குள் குறுகிய பொறி

பெரிய கண்டுபிடிப்பு எதுவானாலும் "தற்செயலாகக் கிடைத்தது" என்று சொல்லிவிடுகிறோம். அதில் பாதிதான் உண்மை என்பதற்கு ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் சாட்சி. 1887-இல் கார்ல்ஸ்ரூ நகரில் அவர் தேடியது மின்காந்த அலைகளை. ஒரு பக்கம் பெரிய மின்பொறி. எதிரே கம்பி வளையம், அதன் மெல்லிய இடைவெளியில் மங்கலான சிறு பொறி. அதைத் தெளிவாகப் பார்க்க, இடைவெளியை இருட்டுப் பெட்டியால் மூடினார். உடனே பொறி குறுகிவிட்டது.

இது அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். பொறி குறுகியது அதிர்ஷ்டம். அதைத் தொல்லை என்று ஒதுக்காமல் துருவியது அப்படியல்ல. இரண்டு பொறிகளுக்கும் நடுவே கண்ணாடியை வைத்தார், பொறி குறுகியது. குவார்ட்ஸை வைத்தார், குறுகவில்லை. கண்ணாடி தடுத்து, குவார்ட்ஸ் வழிவிடுவது புற ஊதா ஒளிக்கு. ஆக, பொறியை வளர்த்தது அந்த ஒளியே என்று முடிவுகட்டினார். காரணத்தை அவர் விளக்கவில்லையே என்றால், அதுவும் நேர்மைதான்: ஊகத்தைக் கலக்காமல் கண்டதை மட்டும் வெளியிட்டார். 1894-இல், 36 வயதில் மறைந்தார். ஒளித்துகள் கருத்தைக் கொண்டு ஐன்ஸ்டைன் இந்த ஒளி விளைவுக்கு 1905-இல் விளக்கம் தந்தார். 1921-ஆம் ஆண்டின் நோபல் பரிசும் பெற்றார். தற்செயல் எல்லோருக்கும் நேரும். அதை விசாரிக்கிற பொறுமைதான் அறிவியல்.