தலைமுறை மாற்றமும் கட்சிகளின் வாழ்வும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தருமபுரி மாவட்டத் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



 தந்தையின் கட்சியை மைந்தன் விட்டு நீங்குவது ஏன், அங்ஙனம் நீங்குதலாற் கட்சிகளுக்கு விளையும் ஆக்கமும் கேடும் யாவை என்பதே யான் எடுத்துக்கொண்ட பொருள். எக்கட்சிக்கும் வாக்குக் கேட்க யான் வந்தேனல்லேன். நம் இல்லங்கள் பலவற்றில் இவ்வொரு காரணம் பற்றித் தந்தையும் மகனும் முகங்கொடுத்துப் பேசாதிருத்தலைக் காண்கின்றோம். ஆதலின் இதனை ஆராய்தல் நம் கடனாகும்.

மொழியிற் சில சொற்கள் வழக்கொழிவதும் சில புதியனவாய்த் தோன்றுவதும் குற்றமாகா என்று நன்னூலார் விதித்தார். மொழிக்குப் பொருந்திய அவ்விதி அரசியற் கொள்கைக்கும் பொருந்தும். ஒருவன் பதினைந்து வயது முதல் இருபத்தைந்து வயது வரை எவற்றைக் கண்டானோ, எவற்றுக்கு மனங்கொதித்தானோ, அவையே பெரும்பாலும் அவன் ஆயுள் முழுதும் அவனுக்கு அளவுகோலாய் நிற்கின்றன. பின் வருவோன் அவற்றைக் கண்டிலன், கேட்டறிந்தான் அத்துணையே. கண்டவன் நெஞ்சும் கேட்டவன் நெஞ்சும் ஒன்றாகா. இங்கிலாந்து தேசத்திற் பட்லர், ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், தொழிற்கட்சி தோன்றுமுன் வளர்ந்த முதியோர் மறைய, அது தோன்றிய பின் வளர்ந்த இளையோர் வாக்காளராய்ப் பெருகியதே அக்கட்சியின் உயர்வுக்கு ஒரு பெருங்காரணம் என்று காட்டினர். முதியோர் மனம் மாறியதினும், வாக்காளர் கூட்டமே மாறியதுதான் பெரிது என்பது இதன் கருத்து.

இனி நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம். 1916ஆம் ஆண்டில் நீதிக்கட்சி தோன்றிற்று. 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று மந்திரி சபை அமைத்தது. 1921இல் வகுப்புவாரி உரிமைக்கு ஆணை பிறப்பித்தது. அதனாற் கல்வியும் உத்தியோகமும் எட்டாதிருந்த குடிகளின் பிள்ளைகள் பள்ளிவாயிலை மிதித்தனர். அப்பிள்ளைகள் வளர்ந்தபோது செய்தது என்னை? சிலர் காந்தியடிகளின் பின் சென்றனர். சிலர் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்திற் புகுந்தனர். ஜமீன்தார்களும் செல்வர்களும் நடத்திய பழைய கட்சி அவர்தம் உள்ளத்தைக் கவரவில்லை. 1937ஆம் ஆண்டுத் தேர்தலிற் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரஸ் கைக்கொண்டது. 1944ஆம் ஆண்டில், நம் பழைய தலைநகராகிய சேலத்திற் கூடிய மாநாட்டில், நீதிக்கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர் மாறிற்று. கட்சி தந்த கல்வியே அக்கட்சியைக் கேள்வி கேட்டது என்க.

காங்கிரசின் வரலாறும் இதற்கு வேறன்று. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நம் பாப்பாரப்பட்டியிலேயே 1925ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராஜாஜி 1937இல் முதன்மந்திரியானார். மதுவிலக்கை முதன்முதலிற் சேலம் ஜில்லாவிலேயே நடைமுறைப்படுத்தினார். நம் பாட்டன்மார் காங்கிரசைக் கோயிலாகப் போற்றியதில் வியப்பில்லை. ஆயினும் கணக்குப் பாருங்கள். 1967ஆம் ஆண்டில் முதன்முறை வாக்களித்த இருபத்தோரு வயதினன், சுதந்திரம் வந்தபோது தொட்டிலிற் கிடந்த குழந்தை. உப்புச் சத்தியாக்கிரகம் அவனுக்கு ஏட்டிற் படித்த செய்தி. 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியோ அவன் கண்ணாற் கண்ட செய்தி. காமராசர் ஆட்சி ஊர்தோறும் திறந்த பள்ளிகளிற் படித்த தலைமுறையே அண்ணாவின் எழுத்தையும் பேச்சையும் விரும்பிக் கற்றது. விருதுநகரிற் காமராசரையே ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தும் முதலமைச்சர் பதவி அக்கட்சிக்கு வாய்க்கவில்லை.

ஈண்டு ஒரு நுட்பம் உணரற்பாலது. 1967இல் தி.மு.க. 137 இடங்களைப் பெற்றது. ஆனால் வாக்குகளை எண்ணினால் இரு பெருங்கட்சிகளும் நூற்றுக்கு ஏறத்தாழ 41 வீதமே பெற்றன. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் நின்று அதனைப் பெற்றது, தி.மு.க.வோ 174 இடங்களில் மட்டும் நின்று, ஏனையவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுப் பெற்றது. அரிசிப் பஞ்சமும் விலையேற்றமும் அதற்குத் துணைநின்றன. ஆகவே, தலைமுறை மாற்றம் வாக்கைத் தரும். அவ்வாக்கை இடமாக மாற்றுவது கூட்டணியின் தொழில். இளைஞர் எம் பக்கம் என்று மட்டும் கூறித் தருக்கும் கட்சியினர் இதனை மறத்தலாகாது.

ஒரு கட்சிக்கு நேர்வது ஒரு குடும்பத்துக்கும் நேரும். சேலம் ஜில்லாவின் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை முதன்மந்திரியாயிருந்தார். பின்னர்க் காங்கிரசிற் சேர்ந்து இராஜாஜியின் மந்திரி சபையில் இடம்பெற்றார். அவர் மைந்தர் மோகன் குமாரமங்கலம் பொதுவுடைமைக் கட்சியிற் பல்லாண்டு உழைத்துப் பின் காங்கிரசிற் சேர்ந்து மத்திய மந்திரியானார். மகளார் பார்வதி கிருஷ்ணன் பொதுவுடைமைக் கட்சியின் சார்பிற் கோயம்புத்தூரிலிருந்து பாராளுமன்றம் சென்றார். பேரர் ரங்கராஜன் குமாரமங்கலம் காங்கிரசின் சார்பிற் சேலத்தில் வென்று, பிற்காலத்திற் பாரதிய ஜனதா மந்திரி சபையில் அமர்ந்தார். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையுள் இத்தனை கொள்கைகள்! ஜமீன்தார் வீட்டில் நிகழ்ந்தது நம் குடியானவர் வீட்டில் நிகழ்ந்தால் மட்டும் அதனைக் குடிகேடு என்பது முறையாமோ?

இனி நம் காலத்துக்கு வருவோம். 1987ஆம் ஆண்டில் வட மாவட்டங்களில் நிகழ்ந்த சாலை மறியலும், அதில் உயிர் ஈந்தோர் நினைவும், 1989இல் மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு வழங்கிய 20 வீத இடஒதுக்கீடும் ஒரு தலைமுறையின் அளவுகோல்களாயின. அவ்வாண்டிலேயே பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. அவ்வாண்டிலேயே வாக்குரிமை வயதும் 21இலிருந்து 18 ஆகக் குறைந்தது. இளையோர் இயக்கமும் இளையோர் வாக்கும் ஒருங்கே வந்தமை நோக்கத்தக்கது.

நம் தருமபுரிப் பாராளுமன்றத் தொகுதியில் 1977 முதல் 2024 வரை பதின்மூன்று பொதுத்தேர்தல்கள் நடந்தன. அவற்றுள் தி.மு.க. நான்கு முறையும், பா.ம.க. நான்கு முறையும், காங்கிரஸ் இரு முறையும், அ.தி.மு.க. இரு முறையும், தமிழ் மாநில காங்கிரஸ் ஒரு முறையும் வென்றன. 1998, 1999, 2004 ஆகிய மூன்று தேர்தல்களிலும் பா.ம.க. தொடர்ந்து வென்றதாயினும், மும்முறையும் கூட்டணி வெவ்வேறாயிருந்தது. 2014இல் மீண்டும் வென்ற அக்கட்சி, 2019இல் தோற்றது. 2024இல் ஏறத்தாழ 21,000 வாக்கில் தோற்றது. இத்தொகுதி எவர்க்கும் பட்டா எழுதிக் கொடுத்த நிலமன்று என்பது இதனாற் பெறப்படும்.

1987ஆம் ஆண்டின் தியாகத்தைக் கண்ணாற் கண்டவர் இன்று முதியோர். அவ்வொதுக்கீட்டாற் பட்டம் பெற்ற பிள்ளைகளோ பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலை செய்கின்றனர். அவர்கள் பல ஊராரோடு ஓர் அறையில் உறங்குகின்றனர். ஒரு பானைச் சோற்றை உண்கின்றனர். ஊருக்கு மீளுங்கால், புளூரைடு கலந்த நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட கிராமங்களுக்கு 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் குடிநீர் ஒழுங்காய் வருகின்றதா, எமக்கு இங்கேயே வேலை உண்டா என்று வினவுகின்றனர். பழைய போராட்டத்தைச் சொல்லிக்காட்டுதல் இவ்வினாக்களுக்கு விடையாகாது. அப்போராட்டத்தின் பயன்தான் வினவும் அறிவாக அவர்கள்பால் நிற்கின்றது. நீதிக்கட்சிக்கும் காங்கிரசுக்கும் நேர்ந்தது இதுவே.

மற்றொன்றையும் மறைக்காது கூறுவேன். 2012ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நம் மாவட்டத்து நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில், ஒரு கலப்பு மணத்தைக் காரணமாக்கி, தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகள் நூற்றுக்கணக்கில் தீக்கிரையாயின. தீ வைத்த கூட்டத்தில் இளைஞர் இருந்தனர். அவ்விளைஞர் வெறுப்பைத் தாமே படைத்துக்கொண்டனரோ? மேடைகளும் திண்ணைகளும் கற்பித்தன, அவர் கற்றனர். கட்சிக்கு வாக்குச் சேரும் என்று எண்ணி வெறுப்பை ஊட்டுவோர், தம் பிள்ளைகளின் கையிற் கொள்ளியைக் கொடுக்கின்றனர். அதன் பயனாக வழக்குமன்ற வாயிலில் நிற்பவனும் வேலை இழப்பவனும் அப்பிள்ளையே. எரிந்த வீட்டுக்குரியவன் படும் துயரமோ சொல்லில் அடங்காது. கல்வியை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்த கட்சி தோற்றாலும் அதன் பெயர் நிற்கும். வெறுப்பைக் கொடுத்த கட்சி வென்றாலும் பழி நிற்கும்.

ஆதலின், பெரியோர்களே! மைந்தன் வேறு கொடி பிடித்தால் அவனை வீட்டை விட்டு விலக்காதீர்கள். நும் காலத்தில் நீர் கண்டதை அவனுக்குக் கதையாகச் சொல்லுங்கள், கட்டளையாகச் சொல்லாதீர்கள். இளைஞர்காள்! நீவிர் பள்ளிக்குச் சென்ற வழியை வெட்டியவர் யார் என்பதை அறிந்து, அதன்பின் நும் வழியிற் செல்லுங்கள். நன்றி வேறு, அடிமை வேறு. கட்சி நடத்துவோரே! இளைஞனைச் சுவரொட்டி ஒட்ட மட்டும் அழையாது, கொள்கை வகுக்கும் அவையிலும் இடங்கொடுத்து அமர்த்துங்கள். இன்றேல் அவன் தனக்கென வேறோர் அவை கூட்டுவான்.

இச்சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. தேர்தலின்போது நம் சமூகத்து வாக்கு முழுதும் இன்ன கட்சிக்கே என்று எவரும் சங்கத்தின் பெயரால் உறுதி கூறுதல் கூடாது. வாக்கு அவரவர் உடைமை. சங்கத்தின் உடைமை பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் நூலகமுமே. திங்கள்தோறும் ஒரு நாள், முதியோரும் இளையோரும் எதிரெதிர் அமர்ந்து நாட்டு நடப்பை ஆராயும் ஒரு வாதக்கூட்டத்தை இந்நூலகத்திலேயே தொடங்குவீர்களாயின், இன்று வீட்டில் நிகழும் பிணக்கு அவையில் நிகழும் ஆராய்ச்சியாக மாறும். அதனை வரும் திங்களிலேயே தொடங்குமாறு வேண்டி அமைகின்றேன்.