பொன் கொண்டு இணைத்த கலம்

ஒரு வீட்டில் கிண்ணம் ஒன்று கைதவறி விழுந்து உடையுமானால், உடனே இரண்டு காரியங்கள் நிகழ்வது வழக்கம். உடைத்தவர் யார் என்று கேட்பர்; உடைந்த துண்டுகளைப் பெருக்கி எறிவர். ஜப்பானிய நாட்டினர் இவ்விரண்டுக்கும் மாறான ஒரு வழியைக் கண்டனர். துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, மரத்தின் பாலால் ஒட்டி, ஒட்டிய கோட்டின்மேல் பொற்பொடி தூவி, முறிந்த இடம் யாவர் கண்ணுக்கும் தெரியுமாறு செய்தனர். இக்கலைக்குக் 'கின்த்சுகி' என்று பெயர். 'கின்' என்பது பொன். 'த்சுகி' என்பது இணைப்பு.

இக்கலையின் தோற்றத்தைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று உண்டு. அஷிகாகா குலத்தின் எட்டாம் ஷோகனாகிய யோஷிமாசா (1436–1490), இளம்பச்சை மெருகுடைய சீனக் கிண்ணம் ஒன்றை வைத்திருந்தார். அதில் விரிசல் கண்டபோது, அதைப் போன்ற வேறொன்று வேண்டுமென்று சீனத்துக்கு அனுப்பினார். அத்தகைய கலத்தை இனிச் செய்ய இயலாதென்று கூறி, சீனத்துக் கைவினைஞர் அதே கிண்ணத்தின் விரிசலை இரும்புப் பற்றுகளால் இறுக்கித் திருப்பி அனுப்பினர். அப்பற்றுகள் வெட்டுக்கிளி போல் தோன்றியமையால் அதற்கேற்ப ஒரு பெயர் சூட்டி, அக்கலத்தை ஜப்பானியர் போற்றினர். அது இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இவ்விரும்புப் பற்றுகளினும் அழகிய வழியைத் தேடியதன் பயனாகவே பொன்னிணைப்புப் பிறந்தது என்பர் சிலர். அது உறுதியான வரலாறு அன்று. ஆயினும் உடைந்ததைத் துறவாமல் காத்த மனப்பாங்குக்கு அக்கிண்ணம் இன்றும் சான்றாக நிற்கிறது.

இனி, இவ்வேலை நடைபெறும் முறையைக் காண்போம். கலத்தை ஒட்டுவது பொன் என்று பலர் எண்ணுவர். உண்மையில் ஒட்டுவது 'உருஷி' எனப்படும் அரக்கு மரத்தின் பால். அரக்கு என்றதும் பூச்சியிலிருந்து கிடைக்கும் அரக்கு என்று கருதலாகாது. மாவும் முந்திரியும் சேங்கொட்டையும் எக்குடும்பத்தைச் சேர்ந்தனவோ, அக்குடும்பத்து மரமே இதுவும். சேங்கொட்டையின் சாறு மேனியைப் புண்ணாக்குவது போலவே, இப்பச்சைப் பாலும் பட்ட இடத்தில் தடிப்பை உண்டாக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த ஒரு மரம், கீறிய கீறல்களின் வழியாக ஒரு பருவம் முழுவதும் தரும் பால் ஏறத்தாழ 200 கிராம் மட்டுமே. அவ்வளவையும் தந்தபின் அம்மரம் வெட்டப்படுகிறது. அடிக்கட்டையிலும் வேரிலும் புதுத்தளிர் எழுகிறது. ஒரு கிண்ணம் பிழைப்பதற்கு ஒரு மரம் கொடுக்கும் விலையையும் மறத்தலாகாது.

இப்பாலோடு கோதுமை மாவைப் பிசைந்து, துண்டுகளின் விளிம்பில் தடவிப் பொருத்துவர். பசைகள் பல காற்றில் உலரும். இதுவோ ஈரத்தில் இறுகும். நூற்றுக்கு 70 முதல் 85 பங்கு ஈரப்பதமுள்ள வெதுவெதுப்பான பெட்டிக்குள் கலத்தை வைத்துக் காத்திருக்க வேண்டும். இறுகியபின், குறைந்த இடங்களை நுண்ணிய மண்பொடி கலந்த பாலால் நிரப்பித் தேய்ப்பர். அதன்மேல் கரிய அரக்கும், பின்னர்ச் செவ்வரக்கும் மெல்லிதாகத் தீட்டுவர். செவ்வரக்கு முற்றிலும் உலராத வேளை பார்த்துப் பொற்பொடியைத் தூவி, இறுகியபின் மெருகிடுவர். ஒவ்வொரு படிக்கும் இடையே நாட்கணக்கில் காத்திருத்தலால், ஒரு கிண்ணம் முழுமை பெறப் பல வாரங்களோ சில மாதங்களோ ஆகும். ஆகவே கலத்தைத் தாங்கி நிற்பது பொறுமை. பொன் அப்பொறுமையின் அடையாளமே.

தேநீர்க் கலையின் பேராசானாகிய சென் நோ ரிக்கியூ (1522–1591) பற்றி ஒரு கதை வழங்குகிறது. சக்காய் நகரத்தார் ஒருவர், தாம் அரிதின் வைத்திருந்த தேயிலைச் சிமிழை ரிக்கியூவுக்கு விருந்தில் காட்டினார். ரிக்கியூ அதனைப் பொருட்படுத்தவில்லை. அவர் சென்றபின், மனம் நொந்த அந்நகரத்தார் சிமிழை உடைத்தெறிந்தார். உடனிருந்த ஒருவர் துண்டுகளைத் திரட்டி ஒட்டிவைத்து, மற்றொரு நாள் ரிக்கியூவை அழைத்தார். ஒட்டுத் தெரிய நின்ற அச்சிமிழைக் கண்டு, இதுவே எளிமையின் அழகு என்று ரிக்கியூ பாராட்டினாராம். பின்னாளில் பெரும்பொருள் கொடுத்து அதனை வாங்கிய ஒரு பிரபு, ஒட்டுகள் செவ்வையாக இல்லையென்று, திரும்ப ஒட்டலாமா எனக் கொபோரி என்ஷூ என்னும் தேநீர் ஆசானை வினவினார். அவ்வாறு ஒட்டப்பட்டிருந்ததனாலேயே ரிக்கியூ அதனைப் போற்றினார், அப்படியே விட்டுவிடுக என்று அவர் விடையிறுத்தார்.

கலத்தின் கதை இது. மனிதரின் கதை இன்னொன்று.

அக்காலத்தில் ஜப்பானைத் தம் ஆணையின்கீழ் வைத்திருந்தவர் தொயோதொமி ஹிதெயோஷி. கொரிய நாட்டில் வனைந்த 'இதோ' வகைக் கிண்ணம் ஒன்று அவரிடம் இருந்தது. த்சுத்சுயி என்னும் பிரபு வழங்கிய அக்கிண்ணத்தை அவர் பெரிதும் விரும்பினார். ஒருநாள் ஏவற்சிறுவன் ஒருவன் அதனைத் தவறவிட, அது ஐந்து துண்டுகளாயிற்று. ஹிதெயோஷியின் முகம் சினத்தால் மாறியது. அவையிலிருந்தோர் அஞ்சினர். அவருள் ஹொசோகாவா யூசாய் (1534–1610) என்பவர் போர்வீரர், செய்யுட்கலையில் வல்லவர். அவர் எழுந்து, பழைய காதற்பாட்டு ஒன்றைச் சிலேடையாக மாற்றி, கிணற்றையும் கிண்ணத்தையும் ஐந்து துண்டுகளையும் அதில் பொருத்தி, அப்பழி தம்மையே சாரட்டும் என்று முடித்தார். ஹிதெயோஷி நகைத்தார், சினம் தணிந்தது, சிறுவன் பிழைத்தான். ஒட்டப்பட்ட கிண்ணம் முன்னினும் புகழ்பெற்று, 'த்சுத்சுயி-த்சுத்சு' என்னும் பெயரோடு இன்றளவும் காக்கப்படுகிறது.

ஆயினும் அதே ஹிதெயோஷியின் ஆணையால்தான், 1591-ஆம் ஆண்டு ரிக்கியூ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. சினம் தணிந்த நாளில் ஒரு சிறுவன் வாழ்ந்தான். தணியாத நாளில் ஒரு பேராசான் மாண்டார். உடைந்த கிண்ணத்தை ஒட்ட அரக்கு உண்டு. போன உயிரை ஒட்ட எந்த அரக்கும் இல்லை.

அவையோரே, உடைவதெல்லாம் நன்மைக்கே என்று இக்கலை கூறவில்லை. உடையாதிருத்தலே நன்று. ஆனால் உடைந்தபின் இரண்டு வழிகள் உள. பழியைத் தேடிச் செல்வது ஒன்று. துண்டுகளைத் தேடிக் குனிவது மற்றொன்று. யூசாய் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டதனாலேயே பிறருக்குத் துண்டுகளைத் தேடும் அவகாசம் கிடைத்தது. தமையனோடு பேச்சு முறிந்த தம்பியும், மகனோடு மனம் முறிந்த தந்தையும், முறிவே நிகழாதது போல் நடிக்க வேண்டுவதில்லை. முறிந்த இடம் தெரியட்டும். ஒருவர் முதலில், 'பிழை என்னுடையது' என்று சொல்லட்டும். அச்சொல்லே மரத்தின் பால். அதன்பின் காத்திருத்தல் வேண்டும். அது ஒரே நாளில் இறுகுவதன்று. இறுகிய பின்னரே பொன் தூவும் காலம் வரும்.