நாற்றங்காலிலிருந்து பாத்திக்கு



கீரை விதையைத் தூவிவிட்டால் அது தானே வளர்ந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். இளமையிலேயே வேரோடு பிடுங்கி உண்ணும் முளைக்கீரைக்கு அது பொருந்தும். ஆனால் தடித்த தண்டை வேண்டித் தண்டுக்கீரை பயிரிடுவோர், நாற்று விட்டு, சுமார் 20 நாள் ஆனபின் பிடுங்கி நடுவதும் உண்டு. அவ்வாறு இடம் பெயரும் நாற்றுகளில் சில தலை நிமிர்கின்றன. சில வாடி மடிகின்றன. இவ்வேறுபாட்டின் காரணம் யாது?

செடியின் வாழ்வு ஒரு வரவு செலவுக் கணக்கு. வேர் நீரைச் சேர்க்கிறது. இலை அதனைத் தன் நுண்துளைகளின் வழியே ஆவியாகச் செலவிடுகிறது. நீரைப் பெரிதும் உறிஞ்சுபவை வேர் நுனியை அடுத்துள்ள வேர்த்தூவிகளே. அவை மண் துகள்களோடு ஒட்டிக் கிடப்பவை. நாற்றைச் சட்டென்று இழுத்தால் அவை அறுந்து மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. வரவு குன்றிவிட்டது, செலவோ தொடர்கிறது. ஆகவே நாற்று துவள்கிறது.

நம் உழவர்களின் நடவு முறைகள் இக்கணக்கைச் சரிசெய்வனவே. பிடுங்குமுன் நாற்றங்காலை நனைப்பது, மண் இளகி, வேர் அதிகம் அறாமல் வருவதற்காக. வெயில் தாழ்ந்தபின் நடுவது, இரவின் குளிர்ச்சியில் நீர்ச் செலவு குறைவதற்காக. அடிமண்ணை விரலால் மெல்ல அழுத்துவது, வேரும் மண்ணும் நெருங்கி இணைவதற்காக. நட்டவுடன் ஒரு தண்ணீர். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அதற்குள் புது வேர் விடத் தொடங்கும்.

நாற்று வாடுகிறதே என்று அஞ்சி, பாத்தியில் நீர் தேங்கும்படி ஊற்றுவோரும் உளர். அது தீங்கே பயக்கும். வேரும் மூச்சுவிடுவது; அதற்குக் காற்றும் வேண்டும்.

இஃது ஏதோ சிறு செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். கீரையிலுள்ள கரோட்டின் என்னும் பொருளை நம் உடல் ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. அவ்வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் தோன்றும். குறை முற்றினால், சிறுவர் பார்வையையே இழக்கவும் கூடும். ஒரு வீட்டுக் கொல்லையில் பிழைத்து நிற்கும் பத்து நாற்றுகளின் மதிப்பை இதனால் உணரலாம்.

உங்கள் பள்ளித் தோட்டத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐந்து நாற்றுகளை வேர்மண்ணோடு பெயர்த்து நடுங்கள்; வேறு ஐந்தை மண்ணை உதறிவிட்டு நடுங்கள். இரண்டிற்கும் ஒரே அளவு நீர் விடுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் கண்டதை எழுதி வாருங்கள். நான் சொன்னது உண்மையா என்பதை அந்தப் பாத்தியே உங்களுக்குச் சொல்லும்.