நால்வகைத் தானமும் ஒரு காப்பகமும்



திருச்சிராப்பள்ளித் தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் மருத்துவமனைகளும் பரிசோதனைக் கூடங்களும் துணிக்கடைகளும் நெருங்கி நிற்கின்றன. அவற்றில் செவிலியராக, விற்பனையாளராக, துப்புரவுப் பணியாளராகப் பெண்கள் பலர் உழைக்கின்றனர். அவர்தம் கைக்குழந்தைகள் பகற்பொழுதில் எங்கே இருக்கின்றன?

பாட்டி உள்ள வீட்டில் இவ்வினா எழுவதில்லை. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களை விட்டு நகரங்களில் குடியேறிய சமணக் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். பாட்டி ஊரில், பேரக்குழந்தை நகரில்.

சட்டம் ஓரளவு விடை கூறியுள்ளது. 2017-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற மகப்பேற்றுப் பயன் சட்டம், முதலிரு மகப்பேறுகளுக்கு 26 வார ஊதிய விடுப்பை வழங்கியது; 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு 4 முறை அங்குச் சென்று வரலாம் என்றும் விதித்தது. ஆயினும் பத்துப் பேர் மட்டுமே பணிபுரியும் கடையை அவ்விதி கட்டுப்படுத்தவில்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் உணவும் முன்பருவக் கல்வியும் அளித்து அரும்பணி ஆற்றுகின்றன. ஆனால் அவை மாலைக்குள் மூடப்படும், கடையோ இரவில்தான் அடைக்கப்படும். இவ்விடைவெளியில் தாய் வேலையை இழக்கிறாள். அல்லது மூத்த மகள் பள்ளியை இழக்கிறாள்.

தனியார் காப்பகத்தை நாடலாமே எனில், அங்கே கட்டணம் தடையாகிறது. ஒரு பணிப்பெண் கைக்குழந்தைகள் சிலரை மட்டுமே செவ்வனே பேண இயலும். எனவே, தாயால் செலுத்த இயன்ற தொகை, பேணுபவளுக்கு நேர்மையான ஊதியம் தரப் போதுவதில்லை. கட்டணத்தை உயர்த்தினால் தாய் விலகுவாள். ஊதியத்தைக் குறைத்தால் மற்றோர் ஏழைப்பெண் சுரண்டப்படுவாள். ஒருவரை வருத்தி மற்றொருவரைக் காப்பது அறமாகாது. குறையும் அத்தொகையை ஈடுசெய்வதே ஈகைக்குரிய இடம்.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானத்தைச் சமணம் போற்றுகிறது. காப்பகத்தில் இந்நான்கும் ஒருங்கே அமைகின்றன: வேளைக்கு உணவு, தீங்கு அணுகாத இடம், காய்ச்சல் கண்டவுடன் மருந்து, எழுத்தறிவுக்கு முன்னோடியான பாட்டும் கதையும்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் பல பொருள் சேர்த்துப் பொதுக் காப்பகம் நடத்த இடமளிக்கிறது. ஒரு தெருவின் கடைக்காரர்களும் மருத்துவர்களும் ஆளுக்கொரு பங்கு அளிக்கட்டும். தாய் தன் ஊதியத்துக்கேற்ற கட்டணம் செலுத்தட்டும். அறக்கட்டளை இடமும் மேற்பார்வையும் நல்கட்டும்.

விழா நாளில் மட்டும் திறந்து, ஏனைய நாள்களில் பூட்டிக் கிடக்கும் கூடங்கள் அறக்கட்டளைகளிடம் உண்டு. அவற்றுள் ஒன்றேனும் நாள்தோறும் காலையில் திறக்கப்படட்டும். கடைசித் தாய் வந்து தன் குழந்தையை வாங்கிக்கொண்ட பின்னரே அடைக்கப்படட்டும்.