காற்றின் நடுக்கத்தை அளக்கும் ஒளி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று நம் கொழிஞ்சாம்பாறைப் பனைகளை அலைக்கழிப்பதை அறியாதார் இங்கு யாருளர்? அக்காற்றின் வேகத்துக்கு ஆடும் ஓலையே சான்று. ஒலியினும் பன்மடங்கு விரைந்து பாயும் காற்றுக்கு எதனைச் சான்றாகக் கொள்வது? அதனுள் ஒரு கருவியை நீட்டினால், அக்கருவியே அதிர்ச்சி அலையை எழுப்பி, அளக்க வேண்டியதைக் குலைத்துவிடும். ஆகவே, அறிஞர் ஒளியையே அளவுகோலாக்கினர்.

இது வீண் ஆராய்ச்சி அன்று. பூமியைச் சுற்றித் திரும்பும் விண்கலம் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் விரைவில் காற்று மண்டலத்துள் நுழைகிறது. கலத்தை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் சீராக ஓடும்வரை வெப்பம் ஓரளவு அடங்கியிருக்கும். அப்படலத்தில் எழும் சிறு நடுக்கம் வளர்ந்து கொந்தளிப்பாயின், கலத்தைத் தாக்கும் வெப்பம் பன்மடங்காகும். கொந்தளிப்பு எங்கே தொடங்கும் என அறியாது காப்பினைத் தடிப்பாக அமைத்தால் சுமை மிகும். மெல்லிதாக அமைத்தால் உயிருக்கே கேடு.

ககன்யான் பயணத்துக்குப் பயிற்சி பெற்ற நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27-ஆம் நாள் தும்பாவில் அறிவிக்கப்பெற்றன. அவருள் ஒருவரான பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், நமக்கு அண்மையிலுள்ள நென்மாறையைச் சேர்ந்தவர். எனவே, இந்த நடுக்கத்தின் கணக்கு நம் அண்டை வீட்டுக் கணக்கும் ஆகும்.

காற்று அடர்ந்தால் அதனூடே ஒளி சற்றே மெதுவாகச் செல்லும். கோடையில் தார்ச்சாலைமேல் கானல் நெளிவதும் காற்றின் அடர்த்தி இடத்துக்கிடம் மாறுவதனாலேயே. ஆயினும், காற்றின் ஒளிவிலகல் எண் 1.0003 அளவே. இத்துணை நுண்ணிய மாற்றத்தை எவ்வாறு காண்பது? ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து மீண்டும் இணைத்தால், முகடோடு முகடு சேருமிடத்து ஒளி மிகும். முகடோடு பள்ளம் சேருமிடத்து ஒளி மங்கும். இதுவே குறுக்கீடு. செந்தர் 1891-லும், லூத்விக் மாக் 1892-லும் இதற்கான கருவியை அமைத்தனர். 1960-இல் மெய்மன் லேசரை ஒளிரச் செய்தபின் இம்முறை புதுவலிமை பெற்றது. ஹீலியம்-நியான் லேசரின் செவ்வொளி அலை, மில்லிமீட்டரில் 1,500-இல் ஒரு பங்கினும் சிறிது. அந்த அலையின் சிறு கூறளவு பிறழ்ச்சியையும் கருவி காட்டிவிடும்.

இம்முறையின் ஒரு வகையில், இரு கற்றைகளை மில்லிமீட்டரினும் குறைந்த இடைவெளியில் அருகருகே குவிப்பர். குவியத்துக்கு அப்பால் கற்றைகள் அகன்று, பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஆதலால், அங்குள்ள நடுக்கம் இரண்டுக்கும் பொதுவாகிப் பெரிதும் கழிந்துபோகும். குவியத்தின் நடுக்கமே எஞ்சும். அது நொடிக்குப் பல இலட்சம் முறை துடித்தாலும் ஒளியுணர்கருவி பதிவு செய்யும். காற்றோட்டம் சில மில்லிநொடிகளே நிலைக்கும் அதிர்ச்சிச் சுரங்கங்களில் இவ்விரைவு இன்றியமையாதது.

நம் நாட்டில் இத்துறைக்கு அடித்தளமிட்டவருள் முதன்மையானவர் சதீஷ் தவான். 1951-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து, ஒலியை விஞ்சும் காற்றுச்சுரங்கத்தை அங்கே நிறுவினார். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2017-இல் திறக்கப்பெற்ற காற்றுச்சுரங்க வளாகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்குள்ள ஒரு மீட்டர் சுரங்கம் மாக் எண் 6 முதல் 12 வரை காற்றைப் பாய்ச்ச வல்லது.

மாணவச் செல்வங்களே! மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் மின்னும் வண்ணங்களும் ஒளியின் குறுக்கீடே. அவ்வண்ணம் எதனால் வந்தது என உங்கள் ஆசிரியரைத் தமிழிலேயே கேளுங்கள். விளங்கும்வரை விடாது கேளுங்கள். நாளை விண்ணிலிருந்து திரும்புவோரின் உயிரைக் காக்கும் கணக்கில் உங்கள் கையெழுத்தும் இடம்பெறட்டும்.