கடலுக்குச் சட்டம் எழுதியவர்கள்



பன்னாட்டு உறவுகள் படித்து இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் வெளியுறவுப் பணிக்குப் போவீர்கள், சிலர் ஐ.நா. அமைப்புகளுக்குப் போவீர்கள். அங்கே உங்கள் நாட்டின் பெயர்ப்பலகை உங்களுக்கு ஓர் இருக்கையைத் தரும். மற்றவர்களின் நம்பிக்கையை நீங்களேதான் சம்பாதிக்க வேண்டும். அப்படிச் சம்பாதித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

1967 நவம்பரில், விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகளான மால்ட்டாவின் தூதர் ஆர்வித் பார்டோ, ஆழ்கடலின் அடித்தளம் மனிதகுலம் முழுவதற்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று ஐ.நா.வில் வாதாடினார். அதன் தொடர்ச்சியாக 1973இல் கடற்சட்ட மாநாடு கூடியது. முடிய ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. மீனை நம்பிய நாடுகளுக்கு ஒரு கவலை, போர்க்கப்பல் வைத்திருந்த வல்லரசுகளுக்கு வேறு கவலை, கடலே இல்லாத நேபாளம் போன்ற நாடுகளுக்கு இன்னொரு கவலை. வாக்கெடுப்பில் தோற்ற நாடு பிறகு கையெழுத்திடாது. ஆகவே முடிந்தவரை வாக்கெடுப்பைத் தவிர்த்து, பேசிப் பேசியே ஒத்துவருவது என்று தீர்மானித்தார்கள்.

நான் சொல்ல வந்தவர் அந்த மாநாட்டின் தலைவர், இலங்கையின் ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க. கொழும்பில் ஆட்சி மாறியபின், 1978இல் அவர் தம் நாட்டுக் குழுவிலேயே இல்லை. நாடு அனுப்பாத ஒருவர் தலைமை தாங்கலாமா என்று ஜெனீவாவில் கூடிய மாநாட்டில் விவாதம் எழுந்தது. அவரே தொடரட்டும் என்று மாநாடு முடிவெடுத்தது. ஒரு தூதருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1980 டிசம்பரில் அவர் காலமானார். பணியை முடித்துவைத்தவர் சிங்கப்பூரின் டாமி கோ. 1982 ஏப்ரலில் அமெரிக்கா கேட்டதால் கடற்சட்ட உடன்படிக்கையின் மீது வாக்கெடுப்பு நடந்தது. 130 நாடுகள் ஆதரித்தன, 4 எதிர்த்தன. 320 பிரிவுகள் கொண்ட அந்த உடன்படிக்கை 1994இல் நடைமுறைக்கு வந்தது. கரையிலிருந்து 12 கடல்மைல் வரை ஒரு நாட்டின் ஆட்சி, 200 வரை மீன்வளத்துக்கும் எண்ணெய்க்கும் அதன் உரிமை என்ற வரம்பு அதில்தான் உறுதிப்பட்டது. கடலற்ற நாடுகள் கடலை அடையும் உரிமைக்கென்று தனியாக ஒரு பகுதியே உண்டு.

அமெரிக்கா இன்னும் அதில் சேரவில்லை. ஆழ்கடலில் கனிமம் எடுப்பதற்கான விதிகள் குறித்து ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பல ஆண்டுகளாகப் பேச்சு நீள்கிறது. இப்படிப்பட்ட கூட்டங்களுக்குத்தான் உங்களை அனுப்புவார்கள். உங்கள் அரசின் நிலைப்பாட்டோடு, எதிரில் இருப்பவரின் நாட்டையும் படித்துக்கொண்டு போங்கள். அவர்களுடைய துறைமுகம் எது, பிழைப்பு எது, அடுத்த தேர்தல் எப்போது என்று தெரிந்துகொள்ளுங்கள். அன்றிரவு அவர் தம் தலைநகருக்கு என்ன எழுதி அனுப்பினால் தலைகுனிவு இருக்காது என்பதையும் யோசித்துவைத்துக்கொண்டு பேசத் தொடங்குங்கள்.