பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

(பெற்றோர் - ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'திறமையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் எப்படி அடையாளம் காண்கிறது?' இதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன், சுலபமாகப் பேசிவிடுவான் என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் நான் தவறு செய்தவன். அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு வருடம் எட்டாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குப் பெயர் கேட்டார்கள். வகுப்பில் 54 பேர். நான் 12 பேர் பெயரை எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து நன்றாக இருப்பவர்கள், வீட்டுப்பாடம் தவறாதவர்கள், கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குபவர்கள். பத்து நிமிடத்தில் பட்டியல் தயார்!

கடைசி வரிசையில் ஒரு பெண் பிள்ளை. வாரத்தில் ஒருநாள் வரமாட்டாள். ஏழாம் வகுப்பில் 55 சதவீதத்துக்கு மேல் எடுத்திருந்தாள். தேர்வு எழுதத் தகுதி இருந்தது. என் பட்டியலில் அவள் இல்லை. கடைசித் தேதி முடிந்து மூன்று வாரம் கழித்து, ஏன் அடிக்கடி வருவதில்லை என்று விசாரிக்க வீட்டுக்குப் போனேன். தாயார் பீடி சுற்றுபவர். வாசலில் பீடிக் கடைக்காரரோடு கணக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கொடுத்த இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, கழிவென்று ஒதுக்கியது போக ஆயிரத்துக்கு என்ன கூலி... கடைக்காரர் தாளில் எழுதிக் கூட்டிக்கொண்டிருக்கிறார். இந்தப் பிள்ளை சுவரில் சாய்ந்தபடி, "நாப்பத்தி மூணு ரூபா குறையுது, போன வாரக் கழிவையும் சேத்துக் கழிச்சிட்டீங்க" என்கிறாள். அவர் மறுபடி கூட்டிப் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி!

அவள் வராத நாள், கடையில் கணக்கு முடிக்கும் நாள். என் வகுப்பில் கை தூக்காத பிள்ளை, வீட்டில் அந்தக் கணக்கைச் சுமந்துகொண்டிருந்தாள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. உதவித்தொகை கிடைத்திருந்தால் படித்திருப்பாள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதிப் பார்க்கும் வாய்ப்பை மறித்தவன் நான்.

எல்லோருக்கும் வைத்த சோதனை

இது என் ஒருவனுடைய பார்வைக் கோளாறு அல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ப்ரோவர்ட் என்று ஒரு மாவட்டம். வெள்ளையர், கறுப்பர், ஸ்பானிய மொழி பேசும் வம்சாவளியினர் எல்லோரும் கலந்து வாழும் பகுதி. அங்கே மீத்திறன் மாணவர்களுக்கென்று தனி வகுப்பு உண்டு. சேர வேண்டுமானால் நுண்ணறிவு ஈவு 130 இருக்க வேண்டும். ஏழைக் குழந்தைகளுக்கும், ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் குழந்தைகளுக்கும் 116 போதும் என்று சலுகை. சலுகை இருந்தும் அந்தப் பிள்ளைகள் வந்து சேரவில்லை!

காரணம் என்ன? சோதனைக்கு யாரை அனுப்புவது என்பதை ஆசிரியரும் பெற்றோரும் முடிவு செய்தார்கள். ஆசிரியர், என்னைப் போலவே, கை தூக்குகிறவர்களை அனுப்பினார். வசதியுள்ள பெற்றோர் தனியார் உளவியலாளருக்குப் பணம் கொடுத்துச் சோதித்துக்கொண்டார்கள். வேலைக்கு ஓடுகிற பெற்றோருக்கு இப்படி ஒரு வகுப்பு இருப்பதே தெரியாது.

2005இல் அந்த மாவட்டம் ஒரு காரியம் செய்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரு சிறு சோதனை வைத்தது. அதில் சொற்களே கிடையாது. கோடுகளும் வடிவங்களும்தான், விடுபட்ட கட்டத்தில் எந்த வடிவம் பொருந்தும் என்று காட்ட வேண்டும். வீட்டில் என்ன மொழி பேசினாலும் அதற்குத் தடையில்லை. நன்றாகச் செய்தவர்களை மாவட்டத்தின் உளவியலாளர்கள் முழுச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சேர்க்கைக்கான தகுதி அளவை ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய வம்சாவளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 2 பேர் தேர்வாகி வந்த இடத்தில் 6 பேர் வந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் 1 என்பது 3 ஆனது. டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்னும் இரண்டு பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அந்த டேவிட் கார்டுதான் 2021இல் நோபல் பரிசு பெற்றவர். பழைய முறையில் விடுபட்டவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்ததில், ஏழைகளோடும் சிறுபான்மையினரோடும் இன்னொரு கூட்டமும் இருந்தது. அது யார் தெரியுமா? பெண் பிள்ளைகள்!

கதை இதோடு முடியவில்லை. நிதி நெருக்கடி வந்தது, 2010க்குப் பின் அந்தப் பொதுச் சோதனையை நிறுத்தினார்கள். பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே திரும்பி வந்தது. பிள்ளைகளின் மூளை இடையில் மாறிவிட்டதா என்ன?

சோதனையே முழுத் தீர்வு என்று நான் சொல்லவில்லை. 1921இல் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர், ஆசிரியர்களிடம் கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெயரை வாங்கி, சோதித்து, ஏறத்தாழ 1,500 பேரைப் பொறுக்கி ஆயுள் முழுக்கக் கவனிக்கத் தொடங்கினார். அந்த வலையில் சிக்காமல் போன இரண்டு சிறுவர்கள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். பின்னாளில் முன்னவர் 1956இலும், பின்னவர் 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். சோதனை தவறவிடும். ஆனால் சோதனைக்கே அனுப்பாதவன் நிச்சயமாகத் தவறவிடுகிறான்.

ஓவியத்துக்கு எது அளவுகோல்?

படிப்பிலாவது மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது. ஓவியத்தில்? நம் பள்ளிகளில் ஒரு போட்டி வைப்பார்கள். தலைப்பு 'மரம் வளர்ப்போம்'. அது இல்லாவிட்டால் 'சுற்றுச்சூழல் காப்போம்'. ஒரு மணி நேரம். வண்ணப் பெட்டி பெரிதாக உள்ள பிள்ளைக்கு முதல் பரிசு! 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடை கொடுத்திருக்கிறது. அது நல்ல காரியம். ஆனாலும் ஒருநாள் போட்டியில் தெரிவது கை வேகம். கண்ணின் கூர்மை அதில் தெரியாது.

ஓஹையோ மாநிலத்தின் சட்டம் நான்கு வகைத் திறமைகளைச் சொல்கிறது. பொது அறிவுத்திறன், தனிப் பாடத்தில் திறன், படைப்புச் சிந்தனை, காட்சிக் கலை - நிகழ்த்துக் கலை. பாடத்தில் என்றால் தரப்படுத்திய தேர்வில் நூற்றுக்கு 95 பேருக்கு மேலே நிற்க வேண்டும். ஓவியத்துக்குத் தாளில் எழுதும் தேர்வு இல்லை. பிள்ளை செய்த வேலைகளைப் பயிற்சி பெற்ற ஒருவர் முன்னால் வைக்க வேண்டும்; அதோடு, பழகும் விதத்தைக் குறித்துக்கொள்ளும் ஒரு பட்டியலையும் நிரப்ப வேண்டும். வருடத்தில் இரண்டு முறையாவது வாய்ப்பு உண்டு. ஆசிரியரும் பெற்றோரும் மட்டுமல்ல, பிள்ளையே கேட்கலாம்; கூடப் படிக்கும் பிள்ளையும் பெயர் கொடுக்கலாம். எந்தப் பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன வரைகிறான் என்று பக்கத்து இருக்கைப் பையனுக்குத்தானே தெரியும்!

அங்கும் ஒரு குறை உண்டு. அடையாளம் காணச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, கண்ட பிறகு கற்றுக்கொடுக்கக் கட்டாயப்படுத்தவில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வைப்பதற்கா கண்டுபிடிப்பது?

என் நண்பர் ஓர் ஓவிய ஆசிரியர். அவர் சொல்வார்: "கார்ட்டூனைப் பார்த்து அச்சாக வரைகிறவனை நான் பாராட்டுவேன், ஆனால் ஒரே சைக்கிளை நாலு பக்கமிருந்து நாலு தடவை வரைந்து, அழித்து, மறுபடி வரைகிறவனைத்தான் தேடுவேன்." நோட்டை வாங்கிப் பாருங்கள், ஏன் இப்படி வரைந்தாய் என்று கேளுங்கள் என்பார். உருவம் வரைவது பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்குள் இன்று நான் போகவில்லை. பத்தமடையில் நம் பெண்கள் கோரையில் நெய்யும் பாயைப் பாருங்கள். மணமக்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் பாயில் இறக்குகிறார்களே, ஒவ்வொரு இழையையும் எண்ணி! அது காட்சிக் கலையும் கணக்கும் சேர்ந்த வேலை. அப்படி ஒரு வீட்டுப் பிள்ளையை 'மரம் வளர்ப்போம்' போட்டி கண்டுபிடிக்குமா?

நம் ஊரில் செய்யக்கூடியது

மறுபடி என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு வருகிறேன். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் உதவித்தொகை; தமிழ்நாட்டின் பங்கு 6,695. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள் எழுத முடியாது. இரண்டு தாள், தாளுக்கு 90 கேள்வி. அதில் ஒரு தாள் மனத்திறன் தாள். பாடப்புத்தகத்தில் இல்லாத, வடிவமும் வரிசையும் கண்டுபிடிக்கிற கேள்விகள். பீடிக் கணக்குப் போட்ட அந்தப் பிள்ளை விரும்பி எழுதியிருக்கும் தாள்!

தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். எனவே அந்த மேசையில்தான் பிள்ளைகள் விடுபடுகிறார்கள். "எல்லோரையும் அனுப்பினால் தேர்ச்சி விகிதம் குறையும் சார்" என்று சக ஆசிரியர்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். குறையட்டும்! 12 பேரை அனுப்பி 3 பேர் தேறினால் 25 சதவீதம். 40 பேரை அனுப்பி 5 பேர் தேறினால் பன்னிரண்டரை சதவீதம்தான். ஆனால் கூடுதலாக இரண்டு வீட்டுக்குப் பணம் போகிறது. எது பெரிது?

ஆகவே பெற்றோர்களே, அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் வருமானச் சான்றை இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். விண்ணப்பச் செலவை ஜமாஅத் ஏற்றுக்கொள்ளலாம். தலைவர் அவர்கள் தலையசைக்கிறார்கள், மகிழ்ச்சி. மாலையில் பழைய வினாத்தாள்களை வைத்துச் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன், ஓய்வில் சும்மாதான் இருக்கிறேன். பள்ளிக்குப் போனால், "என் பிள்ளை பெயர் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். 55 சதவீதம் எடுத்த எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், விடுபட்டவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி என்னிடம் கொண்டு வாருங்கள்.